ஷிப்ட் விசையும் தமிழ் எழுத்தும்

கோவில்பட்டியில் ‘ஷிப்ட்’ என்று சொன்னால் முதலில் மில் ஷிப்ட்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். லாயல் மில்லிலும் லட்சுமி மில்லிலும் வேலை பார்த்த குடும்பங்கள் ஊரில் அத்தனை. நான் இன்று எழுதப்போவது அதைப் பற்றியல்ல. தட்டச்சுப் பொறியிலும் கணினியிலும் இடது மூலையிலும் வலது மூலையிலும் உட்கார்ந்திருக்கும் ஷிப்ட் விசையைப் பற்றி. தனியாக அமுக்கினால் ஒன்றும் அச்சாகாது. ஆனால் பக்கத்து விசையின் எழுத்தையே மாற்றிவிடும். கண்ட்ரோல், ஆல்ட் என்று அதற்குத் தம்பிகளும் உண்டு.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. அப்படியிருக்க ஷிப்ட் விசைக்கு நம் மொழியில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருந்தது. ஒரு காலத்தில் நிறையவே இருந்தது. அந்த வேலையைக் குறைப்பதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். நான் முதலில் தொட்ட தட்டச்சுப் பொறியும் பிரெஞ்சுப் பொறிதான். இங்கிலீஷ் பொறியில் மேல் வரிசை க்யூ, டபிள்யூ என்று தொடங்கும். பிரெஞ்சுப் பொறியில் ஏ, இஸட் என்று தொடங்கும். இன்னொரு வேடிக்கை, அதில் எண்களை அடிக்கத்தான் ஷிப்ட் அமுக்க வேண்டும். சும்மா அடித்தால் அந்த வரிசையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகள் விழும். எண்ணைவிட எழுத்துதான் அடிக்கடி வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பிரெஞ்சில் சில எழுத்துகளுக்குத் தலையில் தொப்பி போல ஒரு குறி வரும். அந்தக் குறிக்கான விசையை அடித்தால் குறி அச்சாகும், ஆனால் வண்டி நகராது. அடுத்து எழுத்தை அடித்தால் அது தொப்பிக்குக் கீழே விழும். இதைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘செத்த விசை’ என்பார்கள். குறி மாறினால் பொருளும் மாறும். ‘பெஷே’ என்ற சொல்லில் ஒரு குறி போட்டால் பாவம் செய்தல், வேறு குறி போட்டால் மீன் பிடித்தல். எங்கள் வாத்தியார் இதைச் சொல்லியே பயமுறுத்துவார்.

ஷிப்ட் பிறந்த கதை சின்னதுதான். 1874-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ரெமிங்டன் பொறியில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. 1878-இல் வந்த இரண்டாவது ரெமிங்டனில் ஒவ்வொரு அச்சுக் கம்பியின் தலையிலும் இரண்டு எழுத்துகளைச் செதுக்கினார்கள். ஷிப்டை அமுக்கினால் காகிதம் சுற்றிய உருளை கொஞ்சம் இடம் பெயரும், இரண்டாவது எழுத்து காகிதத்தில் படும். ஷிப்ட் என்றால் இடம் பெயர்தல்தானே. விசைகளைக் கூட்டாமலே எழுத்துகளை இரட்டிப்பாக்கிவிட்டார்கள்.

இந்த யோசனை இங்கிலீஷைவிடத் தமிழுக்குத்தான் உயிர்நாடியாக இருந்தது. அவர்களுக்கு 26 எழுத்து, நமக்கு 247. பொறியில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் விசை. தமிழைப் பொறிக்குள் அடக்கிய பெருமை யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்த ஆர். முத்தையாவுக்கு உரியது. பிழைப்புக்காக மலாயா, சிங்கப்பூர் பக்கம் போனவர். அங்கே இருந்துகொண்டு, எந்த எழுத்தை எதனோடு சேர்க்கலாம், எந்தக் குறியைத் தனியே பிரிக்கலாம் என்று வகுத்து விசைப்பலகையை அமைத்தார். பொறிகள் ஜெர்மனியில் தயாராகி வந்தன.

தமிழ்ப் பொறியில் இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று ஷிப்ட். இடது கை விரல்கள் ய, ள, ன, க என்ற நான்கு விசைகளின் மேல் உட்காரும். வலது கையில் த, ம, ட எல்லாம் வரும். ஷிப்டோடு சேர்த்து அடித்தால் அதே விசைகளில் யு, ளு, னு, கு, து, மு, டு விழும். உகரம் ஏறும்போது எழுத்தின் உருவமே மாறுவதால் தனி அச்சு வேண்டியிருந்தது. ஷிப்ட் அந்த இடத்தைக் கொடுத்தது. இங்கிலீஷ்காரனுக்குப் பெரிய எழுத்து இருக்கும் மாடியில் நமக்கு உகரம் குடியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நகரா விசை. பிரெஞ்சுக்காரர்களின் செத்த விசையேதான். ‘ம்’ அடிக்க வேண்டுமென்றால் முதலில் புள்ளியை அடிக்க வேண்டும், வண்டி நகராது. பிறகு ‘ம’ அடித்தால் புள்ளிக்குக் கீழே போய் உட்காரும். கையால் எழுதும்போது எழுத்தை எழுதிவிட்டுப் புள்ளி வைக்கிறோம். பொறியில் புள்ளி வைத்துவிட்டு எழுத்தை எழுதினோம். தமிழ்த் தட்டச்சு புதிதாகக் கற்பவர்கள் இதில்தான் திணறுவார்கள். எனக்குப் பிரெஞ்சுத் தொப்பி பழக்கமாக இருந்ததால் அது சிரமமாகத் தெரியவில்லை.

1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அரசு அலுவலகங்களில் மெல்ல மெல்லத் தமிழ்ப் பொறிகள் நுழைந்தன. நான் பணியில் சேர்ந்து இந்தக் கரிசல் சீமைக்கு வந்த எழுபதுகளில், பஸ் போகும் ஊரிலெல்லாம் ஒரு தட்டச்சுப் பயிற்சிப் பள்ளி இருந்தது. தீப்பெட்டி ஆபீசில் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, விரலில் பசை காயாமல் சாயங்கால வகுப்புக்கு வரும் பெண்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மானாவாரி வெள்ளாமை பொய்த்துப்போகும் பூமி இது. லோயர், ஹையர் பாஸ் பண்ணிவிட்டால் ஒரு சர்க்கார் வேலை கிடைக்கும், வீட்டில் அடுப்பு எரியும் என்பதுதான் கணக்கு. அந்தப் பிள்ளைகளில் பலர் பின்னாளில் தட்டச்சராகி ஓய்வும் பெற்றுவிட்டார்கள்.

பழைய பொறியின் ஒரு குணத்தை இங்கே சொல்ல வேண்டும். ஷிப்டைச் சரியாக அமுக்காவிட்டால் எழுத்து அரைகுறையாக விழும். தலை வெட்டுப்பட்டிருக்கும், அல்லது கால் காற்றில் தொங்கும். ஒரு பார்வையிலேயே தப்பு என்று தெரிந்துவிடும். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். ஷிப்ட் அமுங்கியதா இல்லையா என்பதற்குக் காகிதமே சாட்சி.

கணினி வந்தபோது அந்தச் சாட்சி போய்விட்டது. கணினி விசைப்பலகையில் ஷிப்ட் எதையும் தூக்குவதில்லை, இறக்குவதில்லை. இடது ஷிப்டை அமுக்கினால் 42 என்ற எண் உள்ளே போகும். விட்டால் அதோடு 128 கூட்டி 170 போகும். அவ்வளவுதான். இடையில் வேறு விசையை அடித்தால், ஷிப்ட் அமுங்கியிருக்கும்போது அடித்தது இது என்று கண்டுகொள்வது மென்பொருளின் பொறுப்பு.

எப்படிக் கண்டுகொள்கிறது? இதை எனக்கு விளக்கியவன் என் மைத்துனர் மகன். சென்னையில் மென்பொருள் எழுதுகிறவன். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்கு வந்து மாதக்கணக்கில் தங்கியிருந்தான். விஷுவல் பேசிக் என்ற பழைய நிரல்மொழியை வைத்துச் சொல்லிக்கொடுத்தான். ஒரு விசையை அடித்ததும் நிரலுக்கு இரண்டு தகவல் வரும். ஒன்று, அடித்த விசை எது. இரண்டாவது, அப்போது கூட எவையெல்லாம் அமுங்கியிருந்தன என்பதற்கு ஒரே ஒரு எண். ஷிப்டுக்கு 1, கண்ட்ரோலுக்கு 2, ஆல்ட்டுக்கு 4. இரண்டு மூன்று சேர்ந்து அமுங்கினால் கூட்டுத்தொகை வரும். 3 வந்தால் ஷிப்டும் கண்ட்ரோலும். 5 வந்தால் ஷிப்டும் ஆல்ட்டும். 7 வந்தால் மூன்றும்.

“ஒரே எண்ணுக்குள்ள மூணு சேதி எப்படிடா அடங்குது மாப்ளே?” என்று கேட்டேன். அவன் இரும எண், இலக்கம் என்று ஆரம்பித்தான். எனக்கோ நம் பழைய பின்னக் கணக்கு நினைவுக்கு வந்தது. அதைப் பிரெஞ்சுப் பள்ளியில் நான் படிக்கவில்லை, இந்த ஊருக்கு வந்த பிறகு பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அரைக்கால், கால், அரை. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. ‘காலே அரைக்கால்’ என்றால் கால் ஒன்று, அரைக்கால் ஒன்று, வேறு விதமாக வரவே முடியாது. ‘அரையே அரைக்கால்’ என்றால் அரையும் அரைக்காலும். ‘முக்கால்’ என்றால் அரையும் காலும். ‘முக்காலே அரைக்கால்’ என்றால் மூன்றும். ஷிப்டை அரைக்கால் என்றும், கண்ட்ரோலைக் கால் என்றும், ஆல்ட்டை அரை என்றும் வைத்துக்கொண்டால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. பையன் அசந்துபோனான். நம் பாட்டன்மார் பருத்திக் கணக்கும் தானியக் கணக்கும் வாயால் போட்ட முறை இது.

புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் ஒரு தவறு செய்வார்களாம். ‘வந்த எண் 1-தானா?’ என்று கேட்பார்களாம். கூடவே கண்ட்ரோலும் அமுங்கியிருந்தால் எண் 3 ஆகிவிடும், ஷிப்ட் இல்லை என்று நிரல் முடிவு செய்துவிடும். ‘வந்த எண்ணுக்குள் 1 அடங்கியிருக்கிறதா?’ என்று கேட்பதே சரி. காலே அரைக்காலுக்குள் அரைக்கால் இருக்கிறதா என்று கேட்பது போல.

இதைவிட நுட்பமானது இன்னொன்று. விண்டோஸில் விசையின் நிலையைக் கேட்க இரண்டு வழி உண்டு. ‘கெட்கீஸ்டேட்’ என்று ஒன்று, ‘கெட்அசிங்க்கீஸ்டேட்’ என்று மற்றொன்று. பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். அவன் சொன்னது இது: “மாமா, ஷிப்ட் இப்ப அமுங்கியிருக்கான்னு கேக்கக்கூடாது. அந்த எழுத்தை அடிச்சப்ப அமுங்கியிருந்துச்சான்னு கேக்கணும்.”

முப்பது வருஷம் தபால் பதிவேடு பார்த்த எனக்கு இது உடனே பிடிபட்டது. அலுவலகத்துக்கு வரும் தபால்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்கும். மேஜைக்கு எப்போது வந்து சேர்ந்தாலும், அது வந்த நாளைச் சொல்வது முத்திரைதான். எழுத்தர் கையில் எடுக்கும் நாளை வந்த நாள் என்று எழுதினால் மனுதாரர் தலையில் கல் விழும். கணினிக்குள்ளும் விசை அடிகள் இப்படி வரிசையில் காத்திருக்கின்றன. வேகமாக அடிக்கிறவர் கை, நிரல் அந்த எழுத்தை எடுத்துப் பார்ப்பதற்குள் ஷிப்டை விட்டிருக்கும். ‘இப்போது’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். முதல் வழி அந்த அடியின் முத்திரையைப் பார்க்கிறது. இரண்டாவது வழி இந்த நொடியைப் பார்க்கிறது. எழுத்து உள்ளிடும் நிரலுக்கு முதல் வழியே பொருந்தும்.

கேப்ஸ் லாக் விசைக்குக் கேள்வியே வேறு. அது அமுங்கியிருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. அமுக்கி விட்ட பிறகும் அதன் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். விளக்கு எரிகிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

சரி, இவ்வளவு நுணுக்கம் தமிழுக்கு எதற்கு? எண்பதுகளில் மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைக் கொண்டுவந்தார். கனடாவிலிருந்து சீனிவாசன் ஆதமியைத் தந்தார். அக்காலத்தில் உலகமெங்கும் பரவியிருந்த தமிழர்கள் கையில் இங்கிலீஷ் விசைப்பலகைதான் இருந்தது. அதிலேயே ஒலியை வைத்துத் தமிழ் அடிக்கும் முறை பரவியது. அது பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த முறையில் சின்ன எல் அடித்தால் ல, ஷிப்டோடு எல் அடித்தால் ள. சின்ன என் அடித்தால் ன, ஷிப்டோடு ண. சின்ன ஆர் அடித்தால் ர, ஷிப்டோடு ற. மாடியில் இப்போது உகரத்துக்குப் பதிலாக ளகர, ணகர, றகரங்கள் வந்து குடியேறின.

இப்போது ஷிப்ட் தவறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பள்ளி பல்லியாகிவிடும். அறம் அரமாகிவிடும். மணம் மனமாகிவிடும். வேண்டாத இடத்தில் ஷிப்ட் அமுங்கினால் தலைகீழாக நடக்கும், கரி கறியாகிவிடும். இவை எல்லாமே நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதுதான் ஆபத்து. தலை வெட்டுப்படாது, கால் தொங்காது. பிழையும் அழகாக, சுத்தமாக அச்சாகி வரும். எழுத்துப் பிழை பார்க்கும் மென்பொருளும் பேசாமல் விட்டுவிடும்.

ஓய்வுக்குப் பிறகு ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். கணவர் இறந்து, உதவித்தொகைக்கு அலைந்துகொண்டிருந்தார். ஒரு சான்றில் பெயரில் ளகரம், இன்னொன்றில் அதே இடத்தில் லகரம். இரண்டும் பெண்களுக்கு வைக்கிற பெயர்தான். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று நிரூபித்து வா என்று ஒரு இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “என் பேர நான் சரியாத்தானய்யா சொன்னேன்” என்றார். சரியாகத்தான் சொல்லியிருப்பார். கரிசல்காட்டுக் கிழவிகள் ளகரத்தை ளகரமாகத்தான் சொல்வார்கள். கேட்டவர் காதிலா, அடித்தவர் விரலிலா, நிரலிலா, எங்கே அந்தப் பெயர் மாறியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. காகிதத்தில் தடயம் இல்லை. திருத்தம் கிடைக்க அவர் ஆறு தடவை பஸ் ஏறினார்.

இதனால்தான் 1999-ஐ நான் முக்கியமான ஆண்டு என்று நினைக்கிறேன். அதற்கு இரண்டு ஆண்டு முன் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு நடந்தது. ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளைத் தந்தவர் அவர். 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு. அதன் விளைவாக வந்த ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தமிழக அரசு அந்த ஆண்டே தரமாக ஏற்றது. கோவிந்தசாமி அதே ஆண்டு காலமாகிவிட்டார்.

தமிழ் 99-இல் உயிரெழுத்தெல்லாம் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். ‘க’ அடித்து ‘உ’ அடித்தால் ‘கு’ வந்துவிடும். ‘க’ அடித்து ‘ஓ’ அடித்தால் ‘கோ’. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தது போலவே மெய்யோடு உயிர் சேர்கிறது. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப வந்தாலும் அப்படியே. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே அடி. ‘கோவில்பட்டி’க்குப் பத்து அடி, ஒரு தடவைகூட ஷிப்ட் வேண்டாம். பழைய பொறியில் ‘கோ’வின் இரட்டைச் சுழிக்கே ஷிப்ட் அமுக்க வேண்டியிருந்தது. தமிழ் 99-இல் ல ஒரு விசை, ள வேறு விசை, ழ இன்னொரு விசை. ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளை மட்டும் ஷிப்ட் மாடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? தட்டச்சுப் பொறிக்கு ஞாபகசக்தி கிடையாது. முந்தி என்ன அடித்தோம் என்று அதற்குத் தெரியாது. ஆகவே இரண்டு விசையை ஒரே நேரத்தில் அமுக்கியோ, வண்டியை நகராமல் நிறுத்தியோ வேலை வாங்கினோம். கணினிக்கு ஞாபகம் உண்டு. முந்தி அடித்தது ‘க’ என்று அது நினைவில் வைத்திருக்கும்போது, ‘உ’ வந்தால் ‘கு’ என்று மாற்றிவிடும். சேர்த்து அமுக்கவேண்டிய வேலையை அடுத்தடுத்து அமுக்கும் வேலையாக மாற்றிவிட்டார்கள். ஷிப்ட் அமுங்கியதா, எப்போது அமுங்கியது என்ற கேள்வியே தமிழ் எழுத்துகளுக்கு எழாது.

ஆனாலும் அலுவலகங்களில் அது சட்டென்று பரவவில்லை. அதற்கு ஊழியர்களைக் குறை சொல்ல மாட்டேன். பழைய பலகையில் தேர்வு எழுதி, அதை நம்பி வேலைக்கு வந்தவர்கள். இருபது வருஷம் ஓடிய விரல்களை ஒரே நாளில் திருப்ப முடியாது. மென்பொருள்காரர்களும் பழைய தட்டச்சு முறையைச் சேர்த்தே கொடுத்தார்கள். புள்ளியை முதலில் அடித்தால், எழுத்து வரும்வரை அதைக் காக்கவைத்து, பிறகு இடம் மாற்றிப் போடும்படி எழுதினார்கள். 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடு அரசின் தரமாயிற்று. இன்று கைபேசியில் தமிழ் 99-ஐப் போட்டுக்கொண்டு பேரப்பிள்ளைகள் கட்டைவிரலால் விளாசுகிறார்கள்.

தமிழில் அடிக்கும் நண்பர்களுக்கு, முக்கியமாகச் சான்றும் பத்திரமும் அடித்துக் கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கு, ஒன்று சொல்வேன். தமிழ் 99-ஐ ஒரு மாதம் பழகிப் பாருங்கள், கை வந்துவிடும். ஒலிமுறையில்தான் அடிப்பேன் என்றால், அச்செடுக்கும் முன் பெயர்களை மட்டுமாவது அவர்கள் எதிரிலேயே வாய்விட்டுப் படியுங்கள். ல, ள வரும் இடம், ன, ண வரும் இடம், ர, ற வரும் இடம் மூன்றையும் நிறுத்திப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் தன் பெயர் காதில் சரியாக விழுகிறதா என்று தெரியும்.